கேட்கக் கூடாத கேள்வி

என்னைப் போல ஒரு முட்டாள் ராயபுரத்தில் பிறந்ததில்லை; பிறந்திருந்தாலும் அவன் கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளவில்லை. அப்போதெல்லாம் கல்மண்டபம் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, முகம் தெரியாத சிநேகிதர்களின் இணையக் குழுவுக்கு எங்கள் பேட்டைச் சொற்களையும் விநோத வழக்கங்களையும் எழுதி அனுப்புவேன். ‘கடலுக்குக் கிளம்புகிறவரிடம் எங்கே போகிறாய் என்று கேட்கவே கூடாது, ஆபத்து’ என்று எழுதியதற்கு ஏகப்பட்ட பாராட்டு. அந்தக் குஷியில் மறுநாள் காலை புதுச் சொல் பொறுக்க மீன்பிடித் துறைமுகம் போனேன். வலையோடு படகேறப் போன என் தோஸ்தைப் பார்த்ததும் வாய் முந்திக்கொண்டது.

“இன்னா மாமு, எங்க கெளம்பிட்ட?”

அவன் வலையை இறக்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்தான்.

“உனுக்கு வேற வார்த்தயே கெடைக்கலியாடா? தண்ணி குடு.”

சகுனத் தடை கழியட்டும் என்று குடித்துவிட்டு, என்னைக் கொஞ்ச நேரம் முறைத்துவிட்டுத்தான் படகேறினான்.

சென்டர் திறந்ததும் ஓடிப்போய் என் அசட்டுத்தனத்தைக் கண், மூக்கு வைத்து எழுதினேன். குழுவே விழுந்து விழுந்து சிரித்தது. எண்ணூர்க் குப்பத்து மீனவர் வீட்டில் பிறந்து, துபாயில் வேலை பார்த்த தோழி ஒருத்தி மட்டும் சிரிக்காமல் ஒரே வரி எழுதியிருந்தாள்:

“மொதல்ல அந்த அண்ணன் கரைக்கு வந்துட்டாரான்னு பாத்துச் சொல்லு.”