திருத்தத்தை மேலே போடு

திங்கட்கிழமை காலை மாட்டுங்காவில் ரயிலுக்காக நின்றிருந்தபோது ஜமீலாவின் தம்பி அனீஸ் அழைத்தான். “அக்கா, லாத்தா மவுத்தாயிட்டாங்கக்கா” என்றான். லாத்தா என்று அவன் சொல்வது அவன் அக்கா ஜமீலாவைத்தான். அவள் இறந்துவிட்டாள் என்று எனக்குப் புரிந்தது, ஆனாலும் “எந்த லாத்தா?” என்று கேட்டேன். அவன் அழுதான். என் ரயில் வந்து நின்று, நான் ஏறாமலே கிளம்பிப் போனது.

ஜமீலாவின் வலைப்பூவில் கல்லையும் மண்ணையும் பற்றி அவள் எழுதியதைப் படித்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்களில் பலர் அவளை நேரில் பார்த்ததில்லை. காட்கோபரில் கட்டுமானப் பொருள்களைச் சோதிக்கும் கூடத்தில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். அவள் ஜல்லியைச் சோதிப்பாள், நான் அறிக்கை தட்டச்சு செய்வேன். தாராவியில் பிறந்தவள், வீட்டின் கீழ்த்தளத்தில் தோல்பை தைக்கும் பட்டறை. புவியியல் படிக்கப் போகிறேன் என்றபோது, பூகோள டீச்சராகப் போகிறாள் என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்களாம். உடைத்துப் பார்த்த ஜல்லியைக் குப்பையில் போட அவளுக்கு மனசு வராது. “ஏட்டி, இந்த ஊரே ஆறிப்போன எரிமலைக் குழம்புதான். அதுமேல நின்னுக்கிட்டு வடாபாவ் திங்கோம், ஒருத்தனுக்கும் தெரியல” என்பாள். வலைப்பூ அப்படித்தான் தொடங்கியது.

இந்த ஊரில் வளரும் எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அதனால் அவள் எழுதும் ஒவ்வொன்றையும் நான் வாசித்து ஒலிப்பதிவாகவும் போட்டோம். அவள் குரல் கரகரப்பு என்று அவளே முடிவு செய்துகொண்டாள். பட்டறை மாடியில் உட்கார்ந்து பதிவோம். தையல் மெஷின் சத்தம் உள்ளே வந்துவிடும். “இருக்கட்டும், தாராவின்னு தெரியட்டும்” என்று விட்டுவிடுவாள்.

ஒருமுறை பாறையின் ஓட்டைகளில் படிந்திருந்த வெள்ளைப் படிகங்களைப் பற்றி எழுதியபோது கனிமத்தின் பெயரைத் தவறாகச் சொல்லிவிட்டாள். அம்பர்நாத்திலிருந்து ஒரு வாசகர் சுட்டிக்காட்டினார். யாரும் கவனிப்பதற்குள் மாற்றிவிடலாமே என்றேன். என்னை முறைத்தாள். “திருத்தத்த மேல போடு. நான் தப்பா எழுதிட்டேன்னு மொதல்ல படிக்கட்டும், பொறவு மத்தத படிக்கட்டும்.” ஒலிப்பதிவிலும் அதையே முதலில் என்னைப் பேச வைத்தாள். எழுதியவள் அவள், திட்டு வாங்கியதுபோல் வாசித்தவள் நான்.

தாராவி லேபர் கேம்ப் பேச்சியம்மாளை உங்களில் சிலர் மறந்திருக்க மாட்டீர்கள். கல் அறுக்கும் பட்டறையில் வேலை பார்த்த அவருடைய மகன், செடி பதிந்த ஒரு பலகைக்கல்லை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தான். பிறகு அவன் விபத்தில் போய்விட்டான். அந்தக் கல் டிவி மேல் இருந்தது. கோடிக்கணக்கான வருஷத்துப் பழைய செடியா என்று கேட்டு எங்களை வரச் சொன்னார். ஜமீலா கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஆமாம் என்று சொல்லித் தொலையேன் என்று மனதுக்குள் கெஞ்சினேன். அவள் அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு, “இது செடியில்லம்மா. கல்லு வெடிப்புல தண்ணி எறங்கி, அதுல இருந்த உலோகம் இப்படிக் கெள கெளயாப் படிஞ்சிருக்கு” என்றாள்.

பேச்சியம்மாள் கல்லை வாங்கி மறுபடி டிவி மேல் வைத்தார். “இருந்துட்டுப் போட்டும் தாயி. அவன் செடின்னு நெனச்சுத்தான எனக்குக் கொண்டாந்தான்” என்றார். படியிறங்கும்போது ஜமீலா அழுதுகொண்டே வந்தாள். ஆனால் சொன்னதற்காக வருத்தப்படவில்லை.

அப்படிப்பட்டவள் என்னிடம் பொய் சொன்னாள். இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இந்த மழைக்காலம் முழுக்க அவள் இளைத்துக்கொண்டே போனாள். கேட்டால் “அல்சர்ட்டி, மசாலா ஆவல” என்றாள். நானும் மோர்சாதம் கட்டிக்கொண்டு போய்க் கொடுத்தேன். கடைசியாக அவள் எழுதியது ஓர் அறிவிப்பு: மழை விட்டதும் முதல் ஞாயிறன்று அந்தேரிக் குன்றுக்கு எல்லோரும் வாருங்கள், எரிமலைக் குழம்பு தூண்தூணாக இறுகி நிற்பதை நேரில் காட்டுகிறேன், அடிவாரத்தில் காத்திருப்பேன். நான்தான் வாசித்தேன். நல்ல உற்சாகமாக வாசித்தேன். அவள் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

மையத்தை, அவள் உடலை, எடுத்துக்கொண்டு போய் அடக்கிவிட்டுத் திரும்பிய அனீஸ், பட்டறை மாடியில் இருந்த என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். “டாக்டர் மழை தொடங்குனப்பமே கைய விரிச்சிட்டாருக்கா. லாத்தாதான் ஒங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க.”

“அந்த அறிவிப்பு எழுதும்போது அவளுக்குத் தெரியுமா?”

“தெரியும்க்கா. நீங்க அழுதா ரெக்கார்டிங் கெட்டுப்போயிரும்னாங்க.”

அன்று கீழே மெஷின்கள் ஓடவில்லை. கோபம் கோபமாக வந்தது. பேச்சியம்மாளுக்குச் சொல்லத் தெரிந்த உண்மை எனக்கு மட்டும் ஏன் கிடைக்கவில்லை? பெய்துகொண்டிருந்த மழையைப் பார்த்தபடி, அவளைத் திட்டுவதற்கு அவள் இல்லையே என்று நினைத்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

நேற்று அறிவிப்பின் மேல் இதை எழுதினேன்: “திருத்தம்: ஞாயிறு நடை உண்டு. ஜமீலா வரமாட்டாள்.” எழுதிவிட முடிந்தது. பேசத்தான் முடியவில்லை. தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைகள் இன்னமும் பழைய ஒலிப்பதிவைக் கேட்டுவிட்டு, ஜமீலாக்கா எங்கே நிற்பார்கள், தண்ணீர் கொண்டு வரவா என்று செய்தி அனுப்புகிறார்கள். அவள் அடிவாரத்தில் காத்திருப்பாள் என்று என் குரல் அவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறது.

தவறை முதலில் சொல்கிற அந்தப் பழக்கம் ஒன்றைத்தான் அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். ஆகவே திருத்தத்தைப் பேசிப் பதிவுசெய்யப் பட்டறை மாடிக்குப் போகிறேன். நான் அழுவேன், பதிவு கெட்டுத்தான் போகும். கெட்டுப்போனதையே போடுகிறேன்.