தராசுக் கைகள்

எதையும் முடிவு செய்வதற்கு முன் அவன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து, தராசுத் தட்டுகளைப்போல மெல்ல ஏற்றி இறக்குவான். வேட்டியில் ஒரு கறை இருக்காது. தத்துவ வகுப்பில் என் பக்கத்து இருக்கை. வலியசாலையில் மாணவர்கள் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருந்த வீட்டில் பக்கத்து அறை.

அந்த வருஷம் ஊரில் வைசூரி. பெரும்பாலோருக்கு நன்மை தருவதே நல்ல செயல் என்ற கொள்கையை, சொந்த அனுபவத்தில் வைத்துப் பார்த்து எழுதச் சொன்னார் ஆசிரியர். அதே வாரம் எங்கள் சமையல்காரருக்குக் கொப்புளம் கண்டது. அவன்தான் அவரை மாட்டு வண்டியில் ஏற்றி நோயாளிகளை ஒதுக்கி வைக்கும் வைசூரிக் கொட்டகைக்கு அனுப்பினான். அதையே கட்டுரையாக எழுதினான். திருப்பித் தரும்போது ஆசிரியர், "எல்லாம் சரி, இதில் நீ எங்கே?" என்று மட்டும் கேட்டார்.

அது அவனுக்குப் புரியவில்லை.

"கணக்கு சரியாத்தானேடா இருக்கு?" என்றான் வீட்டில்.

"உனக்கு ஜுரம் வந்தப்போ ராத்திரியெல்லாம் முழிச்சுண்டு கஞ்சி வெச்சுக் கொடுத்தாரே, அது?"

"அதையும் சேத்துத்தான் நிறுத்துப் பாத்தேன். நாம இத்தனை பேர் இருக்கோமே." பிறகு என்னை உற்றுப் பார்த்தான். "கண்ணு சிவந்திருக்கே, மேல் சுடறதோ?"

உண்மையான பரிவோடுதான் கேட்டான்.

"தூக்கமில்லை, அவ்வளவுதான்."

தலையாட்டினான். ஆனால் மடியிலிருந்த கைகள் மெல்ல விரிந்தன.

அவனைக் கெட்டவன் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் இன்றும் யாராவது என் உடம்பை விசாரித்தால், முதலில் அவர்கள் கைகளைத்தான் பார்க்கிறேன்.