தாயாருக்கு எடுத்த புடவை

ஸ்ரீரங்கத்துக்குப் போன ரயிலில் அப்பா, அம்மா, நான் மூவரும் இருந்தோம். யாருக்காக நேர்ந்துகொண்டோமோ அந்த அக்கா இல்லை. பிரெஞ்சுக்காரன் ஆண்ட நெல்லித்தோப்பில், எங்கள் வீட்டில், பக்கத்து வீட்டார் பார்த்துக்கொள்ள, விஷக்காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தாள். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, தீவில் இருக்கும் அந்தப் பழைய கோயிலின் தாயாருக்குப் பட்டுச் சாத்துவதாக அம்மாவின் வேண்டுதல்.

பிரெஞ்சு எல்லையைத் தாண்டியதும் இங்கிலீஷ்காரன் சுங்கத்துச் சேவகர் எங்கள் மூட்டையைப் பிரித்தார்.

"புதுப் பட்டுக்கு வரி உண்டும்மா. கட்டின புடவைக்குக் கிடையாது. மேல சுத்திக்க, நான் பாக்கல."

"நான் கட்டுனத தாயாருக்கு எப்பிடிய்யா சாத்துறது?"

"தாயாரு வந்து கேக்கப் போறாங்களா?"

அம்மா புடவையை விடவில்லை.

"படிச்சவன் நீ, எதுனா சொல்லேன்டா" என்றார் அப்பா. சுவரில் ஒட்டியிருந்த சட்டம் இங்கிலீஷில் இருந்தது. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போன நான் படித்ததோ பிரெஞ்சு.

டாக்டருக்கென்று மடியில் முடிந்திருந்ததை அப்பா அவிழ்த்தார்.

கோயிலில் அர்ச்சகர் புடவையை வாங்கி, ஏற்கெனவே குவிந்திருந்த புடவைகளின் மேல் வைத்தார். வீடு திரும்பியபோது அக்கா போய்விட்டிருந்தாள்.

புடவை இருபது ரூபாய். வரி பத்து ரூபாய்.