முதலில் சிரித்தவள்

அந்தக் கூட்டத்துக்கு நான் புதுப் புடவை உடுத்திக்கொண்டு போனேன். மேடையில் பேசப் போகிறவள் என் சிநேகிதி. அதனால் அன்றைய நாளில் எனக்கும் ஒரு பங்கு இருப்பதுபோல ஒரு பெருமை. கூவப்பாடத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மேல்மாடி. எங்கள் பகுதிப் பெண்கள் சேர்ந்து ஏற்பாடு செய்திருந்தார்கள். தன்னை அறிந்துகொண்டு பிறரோடு பேசுவது எப்படி என்று மலையாளத்தில் அச்சடித்த பேனரின் ஒரு முனையைப் பிடித்துக் கட்டியதே நான்தான்.

அவளும் நானும் மட்டாஞ்சேரியில் ஒரே சந்தில் வளர்ந்தவர்கள். இரண்டு வீட்டிலும் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம். கல்யாணமாகி அவள் இடக்கொச்சிக்குப் போனாள். நான் இரண்டு தெரு தள்ளிப் போனேன், அவ்வளவுதான். அவள் எர்ணாகுளத்தில் ஒரு கம்பெனியில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு, அதை விட்டு, பேச்சுப் பயிற்சி கொடுப்பவளாக மாறினாள். நான் யூதர்கள் வாழ்ந்த ஜூ டவுனில் சுற்றுலா வருகிறவர்களுக்கு ஏலக்காயும் மிளகும் வாசனைத் தைலமும் விற்கிற கடையில் இருக்கிறேன். சிரித்த முகமாக இருக்கிறேன் என்பதுதான் அங்கே எனக்குள்ள தகுதி.

பயிற்சித் தொழிலைத் தொடங்கிய புதிதில் அவளுக்குக் கேட்பதற்கு ஆள் தேவைப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் நான் தோப்பும்படியில் பஸ் பிடித்து அவள் வீட்டுக்குப் போவேன். அவள் நின்றுகொண்டு பேசுவாள். நான் சோபாவில் உட்கார்ந்து, நேந்திரம்பழத்தில் சுட்ட பழம்பொரி தின்றபடி கேட்பேன். எங்கே சலிப்புத் தட்டுகிறது என்று சொல்ல வேண்டியது என் வேலை. ஒரு நாள் அவள் புதிதாக ஒன்றைச் செய்து பார்த்தாள். ஒரு கேள்வி கேட்பது, பிறகு எதிரில் இருப்பவர் பதில் சொல்லும்வரை வாயைத் திறக்காமல் காத்திருப்பது.

"யார்கிட்ட பேசறதுக்கு உனக்குப் பயமா இருக்கு?" என்று கேட்டாள்.

முதலில் விளையாட்டாக ஏதோ சொன்னேன். அவள் பேசாமலே இருந்தாள். அந்த மௌனத்தில் என்னவோ ஆகிவிட்டது. "என் மகன்கிட்ட" என்று சொல்லிவிட்டேன்.

எங்களுக்கு ஒரே மகன். இஞ்சினியரிங் மூன்றாம் வருஷத்தில் படிப்பை நிறுத்திவிட்டு, பெங்களூரில் ஒரு ஹோட்டல் சமையல்கட்டில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். அவன் கிளம்பிய அன்று என் கணவர் வாயில் வந்ததையெல்லாம் சொன்னார். வல்லார்பாடம் கன்டெய்னர் முனையத்தில் வேலை செய்கிறவர், சாதாரணமாக அதிகம் பேசாதவர். அன்று மட்டும் நிறுத்தவே இல்லை. நான் நடுவில் நின்றேன். மகன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போனான். அதற்குப் பிறகு நான் போன் செய்தால் "ம்", "சாப்டேன்", "வெக்கிறேன்" இவ்வளவுதான்.

இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். வேறு யாருக்கும் தெரியாத ஒன்றையும் சொன்னேன். மகனுக்குப் போன் செய்வதற்கு முன்னால் நான் சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தில் என் கணவருக்குக் கேட்காதபடி, என்ன பேச வேண்டும் என்று சொல்லிப் பார்ப்பேன். "கண்ணா, சாப்டியா" என்று தொடங்கலாமா? வேண்டாம், அதற்கு "ம்" என்பான். "அங்கே மழையா" என்று கேட்கலாமா? அவன் போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் அதைக் காதில் வைத்துக்கொண்டு மீதியைப் பேசி முடிப்பேன். இதைச் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் எழுந்து வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள். வீடு திரும்பும்போது மனசு லேசாக இருந்தது.

மண்டபத்தில் அவள் நன்றாகத்தான் பேசினாள். நம் மனசில் ஓடுவது என்னவென்று நமக்கே தெரியாதபோது, எதிரில் இருப்பவருக்கு எப்படித் தெரியும் என்றாள். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம், "எனக்குத் தெரிந்த ஒரு அம்மா இருக்கிறார்" என்று தொடங்கினாள். அதுவரை பேசியதெல்லாம் மலையாளம். அந்த அம்மாவாக நடித்துக் காட்டும்போது மட்டும் தமிழுக்கு மாறினாள். என் குரல், என் இழுப்பு. கையால் ஒரு குழாயைத் திறந்தாள். "கண்ணா சாப்டியா... ஐயோ வேணாம், வேணாம், அதுக்கு ம்-னுடுவான்." மண்டபமே சிரித்தது. போன் வைத்த பிறகு காதில் வைத்துக்கொண்டு பேசுவதையும் செய்தாள். சிரிப்பு இன்னும் பலத்தது. அங்கே தமிழ் பேசுகிறவர்கள் விரல் விட்டு எண்ணும்படிதான் இருந்தோம். எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். எனக்குப் பின்வரிசையில் இருந்த ஒருத்தி என் பிடரியைப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது.

முடிந்ததும் மேடையிலிருந்து இறங்கி நேராக என்னிடம் வந்தாள். "எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சுடி" என்றேன்.

வீட்டிலும் கணவர் கேட்டார். அவருக்கும் அதையேதான் சொன்னேன்.

மறுநாள் யாரோ கூட்டத்து வீடியோவில் அந்தப் பகுதியை மட்டும் வெட்டி எங்கள் வாட்ஸாப் குழுவில் போட்டார்கள். கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து அதைத் திறந்தேன். அவளைப் பார்க்கத்தான் திறந்தேன். ஆனால் பாதியில் கேமரா முன்வரிசைப் பக்கம் திரும்பியது. அங்கே நான் இருந்தேன், புதுப் புடவையில். அவள் குழாயைத் திறந்ததும் அந்த மண்டபத்தில் முதலில் சிரித்தது நான். மற்றவர்களெல்லாம் எனக்குப் பிறகுதான் சிரித்தார்கள். கைகூடத் தட்டினேன். அந்த நேரத்தில் எழுந்து ஓடிவிட வேண்டும்போல இருந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. முகத்தில் அதில் ஒரு துளிகூட இல்லை.

சாயங்காலம் மகனிடமிருந்து செய்தி வந்தது. அவனுக்கு யார் அனுப்பினார்கள் என்று தெரியவில்லை. 'அம்மா, இது நீதானே?'

சிரிக்கிற பொம்மை ஒன்றைத் தேடி அனுப்பப் போனேன். விரல் தன்னால் அங்கேதான் போனது. பிறகு அதை விட்டுவிட்டு அவனைக் கூப்பிட்டேன். எதையும் சொல்லிப் பார்க்கவில்லை. அதற்குத் தெம்பில்லை.

"நான்தான்டா. எனக்கு அவமானமா இருக்கு."

"பின்னே எதுக்கு நீயும் சேர்ந்து சிரிக்கிறே?"

"தெரியல."

"அன்னிக்கும் நீ அப்படித்தான் இருந்தே. அப்பா என்னைத் திட்டிட்டு இருக்கார், நீ சிரிச்சுட்டு நிக்கிறே. உனக்கும் என்னைப் பார்த்தா இளப்பம்னுதான் நான் நெனச்சேன்."

"ஐயோ, இல்லடா. அன்னிக்கு உன்கூடவே கெளம்பி வந்துடணும்போல இருந்துச்சு."

"அது எனக்கெப்படித் தெரியும்?"

அவன் கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே கேட்டான். அவன் போன பிறகு இத்தனை காலமாக, அவனுடைய கோபம் அப்பா மேல்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று வெகுநேரம் பேசினோம். எனக்கு வருத்தமாக இருந்தால் வருத்தம் என்று வாயால் சொல்லிவிடுகிறேன், என் முகத்தை நம்பாதே என்றேன். "செரி" என்றான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இடக்கொச்சிக்குப் போனேன். கதவைத் திறந்ததும் வழக்கம்போல, "சாயா போடட்டா?" என்றாள்.

"வேணாம். நீ உட்காரு. அன்னிக்கு மேடையில சொன்னது என் விஷயம். அதை நீ சொல்லியிருக்கக் கூடாது."

"பேரு சொன்னேனா நான்?"

"தமிழ்ல சொன்னே."

அவள் சட்டென்று எழுந்து ஜன்னல் திரையைச் சரிசெய்தாள். "எடி, நீதானே முதல் ஆளா சிரிச்சே? முடிஞ்சதும் நல்லா இருந்துச்சுன்னு சொன்னே. உனக்குக் குழப்பமில்லை, பரவால்லைன்னு நான் நெனச்சேன்."

"எனக்கு வலிச்சா முகம் சிரிச்சிடும். அது எனக்கே இப்பத்தான் தெரிஞ்சுது. நீ என்னைச் சின்ன வயசிலேர்ந்து பார்க்கிறே. உனக்குத் தெரியாதா?"

இந்த முறை காத்திருந்தது நான். அவள் கண்கள் என் முகத்துக்கு வந்துவிட்டு உடனே விலகின. அவளுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் சாவு விழுந்தபோதும் நான் இப்படிச் சிரித்தேன் என்றும், அப்போது அவள்தான் என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போனாள் என்றும் அவளுக்கு ஞாபகம் இருந்தது; எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. மேடையிலிருந்து பார்த்தபோதும் அந்தச் சிரிப்பு என்னவென்று தெரிந்துதான் தொடர்ந்து பேசியிருக்கிறாள்.

"உனக்கு இத்தனை விஷமமாகும்னு நான் நெனக்கல" என்றாள் கடைசியில். எங்கள் பக்கத்தில் விஷமம் என்றால் வருத்தம். மலைக்கு அந்தப் பக்கத்துத் தமிழில் அது வேண்டுமென்றே செய்கிற கெடுதல். அன்று எனக்கு இரண்டும் சேர்ந்தே கேட்டது.

பிறகு அவள் அழுதாள். கூட்டம் முடிந்து ஒரு பெண் அவளைத் தேடி வந்து, தானும் மகளோடு அப்படித்தான் பேசுகிறேன் என்று கையைப் பிடித்துக்கொண்டாளாம். அதனால் யாருக்கோ நல்லதுதானே நடந்திருக்கிறது என்றாள். வேறு நாளாக இருந்தால் நான் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து, போனால் போகிறது விடு என்று முடித்திருப்பேன். கால்கள் எழுந்திருக்கப் பார்த்தன. உட்கார்ந்தே இருந்தேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கேட்டிருந்தா நீ வேணாம்னு சொல்லியிருப்பே."

அதற்கு மேல் எனக்குக் கேட்பதற்கு ஒன்றும் இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். சத்தம் போடவில்லை, சிரிக்கவும் இல்லை. பஸ்ஸில் வரும்போது, அவள் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுக் காத்திருந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். தோளைப் பிடித்துக்கொண்டாளே, அது உண்மையா? உண்மையாகத்தான் இருந்திருக்கும். பிறகு எப்போது அது அவளுக்கு மேடையில் சொல்ல ஏற்ற கதையாக மாறியது? இதை எத்தனை முறை யோசித்தும் எனக்கு விடை கிடைக்கவில்லை. அவளிடம் கேட்டாலும் அவளுக்கே தெரியுமா என்பது சந்தேகம்தான்.

சில மாதம் கழித்து, அவள் கும்பளங்கியில் பேசிய கூட்டத்துக்குப் போன ஒருத்தி சொன்னாள். அந்த அம்மா கதையை இப்போதும் சொல்கிறாளாம். முழுக்க மலையாளத்திலாம். அந்த அம்மா இப்போது கோழிக்கோட்டுக்காரியாம்.

என் கணவரிடமும் ஒரு நாள் சொன்னேன், நீங்கள் அன்று அவனைத் திட்டியது எனக்குப் பொறுக்கவில்லை என்று. அவர் நிமிர்ந்து பார்த்து, "அப்பவே சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேனே" என்றார். நிறுத்தியிருப்பாரோ என்னவோ.

போன வாரம் அரிசிப் பாத்திரத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது மகன் போன் செய்தான். ஓணத்துக்கு லீவு கிடைத்திருக்கிறது, வருகிறேன், அப்பாவிடமும் சொல் என்றான். அவனோடு பேசி முடித்ததும் போனில் என் விரல் அவள் பெயரைத் தேடி எடுத்துவிட்டது. எனக்கு ஏதாவது நல்லது நடந்தால் முதலில் சொல்வது எப்போதும் அவளிடம்தான். சின்ன வயசிலிருந்து வேறு யாரிடமும் சொல்லிப் பழக்கமில்லை. அந்தப் பெயரைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு போனை வைத்துவிட்டு, திறந்தபடியே இருந்த குழாயை மூடி, அரிசியைக் களையத் தொடங்கினேன்.