தாலி கட்டும் வீடியோவில் தவில்காரர் எங்கே?

இன்று காலை என் ஸ்டுடியோவில்...

கடையைத் திறந்ததும் கலியமூர்த்தி அண்ணன் வந்து நின்றார். வலங்கைமான் பக்கம் இருபது வருடமாகக் கல்யாணங்களில் தவில் வாசிக்கிறவர்.

"தம்பி, பழைய கல்யாண வீடியோவுலேர்ந்து நான் வாசிக்கிற மாதிரி ரெண்டு போட்டோ எடுத்துக் குடுங்க."

தோள்பட்டை ஜவ்வு கிழிந்துவிட்டதாம். இனி தவிலைத் தூக்கவே முடியாது! கலைஞர்களுக்கான நல வாரியத்தில் பதிந்தால் ஏதாவது உதவி வரும். அதற்கு, இத்தனை வருடம் வாசித்ததற்கு ஆதாரம் வேண்டும்.

"கல்யாணப் பத்திரிகையில பேர் இருக்குமேண்ணே?"

"நாயனக்காரர் பேரைத்தான் போடுவாங்க. நாமெல்லாம் 'குழுவினர்' தம்பி!"

(அட, ஆமாம்!)

"இதென்ன பெரிய விஷயம், உக்காருங்கண்ணே" என்று ஹார்ட் டிஸ்க்கைச் சொருகினேன். அவர் வாசித்த ஒன்பது கல்யாணங்களை நானே எடுத்திருக்கிறேன். துபாய் மாப்பிள்ளை, சிங்கப்பூர் மாப்பிள்ளை என்று அத்தனையும் லைவாக வேறு ஓடியவை.

ஓட்டினோம்.

தாலி. அட்சதை. பெண்ணின் அம்மா கண்ணீர். ட்ரோனில் வயலும் வாய்க்காலும். (மாப்பிள்ளையின் காருக்கு மட்டும் நாற்பது நொடி!)

கெட்டிமேளம் காதைப் பிளக்கிறது. அடிக்கிறவரைக் காணோம்!

ஒன்றில் ஒரு முழங்கை. இன்னொன்றில் பாதித் தவில்.

ஒன்பதிலும் முகமே இல்லைங்க! ஏசி ரூமில் எனக்கு வியர்த்துவிட்டது.

கடைசியாக, எடிட் பண்ணாத ஃபைல் ஒன்றைத் திறந்தேன். வந்துவிட்டார்! தவிலோடு, முழு முகமும்!

அடுத்த நொடி ஸ்பீக்கரில் ஒரு குரல்.

"அண்ணே, ஃப்ரேம்ல வர்றீங்க! கொஞ்சம் தள்ளி உக்காருங்க!"

அது என் குரல்.

வீடியோவில் அவர் சிரித்துக்கொண்டே தவிலை இழுத்துக்கொண்டு ஓரமாக நகர்ந்து மறைகிறார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனுஷனை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அவரோ, "நிறுத்துங்க, நிறுத்துங்க! நான்தான் தம்பி! இதையே பிரிண்ட் போடுங்க!" என்கிறார். முகத்தில் அப்படியொரு சந்தோஷம்!

ஒன்று கிடைத்துவிட்டது. இன்னும் ஒன்று வேண்டும்.

வலங்கைமான், கும்பகோணம், திருவாரூர் பக்கம் கல்யாணம் பண்ணிய நண்பர்களே, உங்கள் வீடியோவை ஒரு தடவை போட்டுப் பார்ப்பீர்களா? தாலியை விட்டுவிட்டு ஓரத்தைப் பாருங்கள். நெற்றி நிறைய விபூதி, காதில் சிவப்புக் கடுக்கன்.

(அவரைத் தள்ளி உட்காரச் சொல்லி யாராவது கத்துவது கேட்டால், அது நான்தான்.)