பவதாரணி ஈட்டி எறிந்த ஞாயிறு

பவதாரணிக்கு நாற்பத்துநான்கு வயது. இப்போது தேசியப் போட்டிகளில் அவளோடு ஈட்டி எறியும் பெண்களில் பாதிப்பேர், அவள் முதற் பதக்கம் வாங்கியபோது பிறந்திருக்கவில்லை. மகளைக் கூட்டிவந்தீர்களா என்று ஒருமுறை மைதான வாசலில் கேட்டிருக்கிறார்கள். "இல்லை, மகள்மாரை வெல்ல வந்தனான்" என்றாளாம்.

இதை அனலைதீவு முழுக்கச் சொல்லிச் சிரித்தவள் சிவயோகம் அக்கா. தாய் தகப்பன் இல்லாத வீட்டில் தம்பி சோமநாதனையும் கடைக்குட்டி பவதாரணியையும் வளர்த்தவள். சண்டைக் காலத்தில் ஈட்டியோடு சோதனைச் சாவடியைக் கடக்க முடியாதென்று கமுகஞ் சலாகையைச் சீவிக் கொடுத்து, கடற்கரை வெளியில் எறியவிட்டவளும் அவள்தான். தோள் நோகத் தொடங்கிய பிறகு, இதுதான் கடைசி என்று பவதாரணி வருடாவருடம் சொல்வாள். அக்காவும் வருடாவருடம் உடுப்பை மடித்துப் பையில் வைத்துக் கொடுப்பாள். எறியப் போகுமுன் போனில் அக்காவோடு ஒரு வார்த்தை பேசாமல் பவதாரணி மைதானத்துக்குள் இறங்கியதில்லை.

இந்த முறை அவள் கொழும்புக்குப் போன பிறகு, சனிக்கிழமை பின்னேரம், நெஞ்சு நோ என்று படுத்த அக்கா எழும்பவில்லை.

சோமநாதன் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தான். சொன்னால் தங்கச்சி எறியாமலே இரவு பஸ் ஏறுவாள், முகம் பார்ப்பாள். சொல்லாவிட்டால் எறிவாள். உடலை வைத்திருக்கத் தீவில் வசதி இல்லை. ஞாயிறு மத்தியானமே எடுக்கவேண்டும். பவா எறியிறதைக் கெடுத்துப்போடாதையடா என்று அக்காவே சொல்லியிருப்பாள் என நினைத்துக்கொண்டான். அப்படி நினைப்பது அவனுக்கு வசதியாகவும் இருந்தது.

ஞாயிறு காலை பவதாரணியே போனில் அழைத்தாள். முற்றத்தில் பறை முழங்கிக்கொண்டிருந்தது. சோமநாதன் போனோடு புகையிலைத் தோட்டத்துக்குள் ஓடினான். அக்கா நயினாதீவு அம்மனுக்கு அருச்சனை செய்யப் போய்விட்டாள் என்றான்.

"அங்க என்ன பறைச் சத்தம், அண்ணை?"

"அயலுக்க ஒரு செத்தவீடு. உனக்குத் தெரியாத ஆக்கள்."

அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. சரி அண்ணை, வைக்கிறன் என்றாள். அன்று அவள் எறிந்த தூரம் பத்து வருடங்களில் அவள் எட்டாதது. வெள்ளிப் பதக்கம். பின்னேரம்தான் அவன் உண்மையைச் சொன்னான்.

திங்கட்கிழமைப் படகில் அவளும் வந்தாள், பேப்பரும் வந்தது. மரண அறிவித்தலில் சகோதரி என்று அவள் பெயர். விளையாட்டுப் பக்கத்தில் பதக்கத்தோடு சிரிக்கும் அவள் முகம். ஊர் இரண்டையும் சேர்த்துப் படித்தது. தங்கச்சிக்குச் செய்தி தெரியாது என்று சோமநாதன் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், ஏன் மறைத்தாய் என்று கேட்பார்கள். அவளும் வாய் திறக்கவில்லை. கடைக்குப் போகும்போது தலையைக் குனிந்து போய்வந்தாள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சாப்பாட்டில், பந்தி நடுவில், மாமாவின் மகள் மச்சாள் சறோஜினிதேவி சோற்றைப் பிசைந்தபடி சொன்னாள்:

"பதக்கத்தை அக்காவின்ர படத்துக்குப் போட்டுவிடன், பவா. பிரேதத்தைப் பாக்கத்தான் நேரமில்லாமப் போட்டுது."

சாம்பார் வாளியோடு வந்த சோமநாதன் மச்சாளின் இலைக்கு முன்னால் நின்றான்.

"அவளுக்குத் தெரியாது. நான்தான் சொல்லேல்லை. பொய் சொன்னனான்."

மச்சாள் இலையைப் பார்த்துக்கொண்டு, மறைக்கிற காரியமோ இது என்று மட்டும் முணுமுணுத்தாள். திட்டு இனித் தன்மேல்தான் என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் ஒரு மாதத்தில் முதல்முறையாக மூச்சு நன்றாக வந்தது.

பந்தி முடிந்தபின் கிணற்றடியில் சோறு காய்ச்சிய கிடாரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள் பவதாரணி. அவன் தண்ணீர் அள்ளி ஊற்றினான். மன்னிச்சுக்கொள் பிள்ளை என்றான்.

அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"அனலைதீவில எனக்குத் தெரியாத ஆக்கள் ஆர் இருக்கினம், அண்ணை?"

அவன் வாளியைக் கீழே வைத்தான்.

"அண்டைக்குப் போனில இன்னொருக்காக் கேட்டிருந்தா நீங்கள் சொல்லியிருப்பீங்கள். அதுதான் நான் கேக்கேல்லை" என்றாள்.