மூக்கில் போடாத தையல்

அமோஸ் பெங்கெல்லியின் கைகளை மட்டும் பார்த்தால், ஆள் கொலைக்கு அஞ்சாதவன் என்றுதான் தோன்றும். விரல் ஒவ்வொன்றும் கேரட் பருமன். உள்ளங்கை செருப்புத் தோல். மனசோ வெண்ணெய். கோழிக் கழுத்தைத் திருக ஒரு கை கொடு என்று சமையற்காரன் கூப்பிட்டால், "எனக்கு வயித்தக் கலக்குது" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கமே தலைகாட்டமாட்டான். இப்படிப்பட்டவன் எழுபத்துநான்கு பீரங்கி சுமந்த செலண்டைன் என்ற போர்க்கப்பலில் இருபத்திரண்டு வருஷம் காலம் தள்ளினான் என்றால் யார் நம்புவார்கள்?

அவனாக விரும்பியா வந்தான்? இங்கிலாந்தின் கார்ன்வால் கரையில் மீன்வலை பின்னுகிற வீட்டில் ஆறாவது பிள்ளை. பத்தொன்பது வயதில், கடற்படைக்கு ஆள் பிடிக்கிற கும்பல் சாராயக்கடை வாசலில் மடக்கி, தலையில் ஒரு தட்டுத் தட்டி, படகில் அள்ளிப் போட்டுக்கொண்டு போய்விட்டது. கண் விழித்தபோது ராஜாவின் கப்பலில் இருந்தான். "உனக்கு என்ன தெரியும்?" என்று கேட்டார்கள். "தைக்கத் தெரியும்" என்றான். அன்று பிடித்த கோணி ஊசியை அப்புறம் கீழே வைக்கவில்லை.

பாய் தைக்கிறவனுக்குக் கப்பலில் இரண்டு வேலை. காற்று கிழித்த பாயைத் தைப்பது ஒன்று. செத்தவனை அவன் படுத்துறங்கிய கித்தான் தூளியிலேயே வைத்துத் தைப்பது இன்னொன்று. காலடியில் இரண்டு பீரங்கிக் குண்டு வைத்து, காலிலிருந்து மேலே தைத்துக்கொண்டு வரவேண்டும். முகத்துக்கு வந்ததும் கடைசித் தையலை மூக்கின் நடுத்தண்டில் குத்தி இழுத்து முடிச்சுப் போடவேண்டும். உயிர் ஒட்டிக்கொண்டிருந்தால் அந்தக் குத்தில் ஆள் துள்ளிவிடுவான் என்பது ஒரு கட்சி. மூக்கில் தைக்காத பிணம் கிடந்த இடத்தில் கிடக்காது, கப்பல் பின்னாலேயே வரும் என்பது மறு கட்சி. எந்தக் கட்சியானாலும் தையல் தையல்தான், அதை விடக்கூடாது.

அமோஸும் விட்டதில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் குத்துவதற்கு முன்னால் குனிந்து, "மன்னிச்சுக்கடா தம்பி" என்று பிணத்தின் காதில் சொல்லிவிட்டுத்தான் குத்துவான். கப்பலில் அறுநூறு பேரும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அதிகம் சிரித்தவன் சைலஸ் ரட்.

சைலஸ் கீழ்த்தளத்தில் ஏழாம் நம்பர் பீரங்கிக்குத் தலைவன். ஒன்பது வருஷமாக அமோஸோடு ஒரே பலகையில் உட்கார்ந்து, ஒரே சட்டியில் பட்டாணிக் கஞ்சி குடித்து, பிஸ்கட்டைத் தட்டி ஒரே மாதிரி புழுவை உதிர்த்தவன். வயதில் நாலு வருஷம் சின்னவன். வாய் மட்டும் நாற்பது வருஷம் பெரிசு.

"டேய் அமோஸு, என் மூக்கப் பாத்தியா? எங்கப்பன் சொத்து. உன் ஊசி இதுல நுழையாது. இப்பவே கொல்லன்கிட்ட சொல்லி ஒரு ஈட்டி அடிச்சு வெச்சுக்க."

"வாயக் கழுவுடா. சாப்பிடுற நேரத்துல பேசுற பேச்சா இது?"

"பாரேன், அழுவுறான்! இவன வெச்சுக்கிட்டு நாம பிரெஞ்சுக்காரன ஜெயிச்ச மாதிரிதான்!"

கப்பல் ஸ்பிட்ஹெட் துறையில் நங்கூரம் போட்டால், கரையிலிருந்து படகு படகாகப் பெண்டாட்டிமார்கள் வந்து ஏறுவார்கள். சைலஸின் பெண்டாட்டி டார்க்கஸும் வருவாள். இரண்டு பீரங்கிக்கு நடுவே போர்வையைக் கட்டித் தொங்கவிட்டால் அதுதான் அவர்கள் வீடு. அமோஸுக்கு ஏறி வர ஒருத்தியும் கிடையாது. டார்க்கஸ் அவனை அண்ணே என்று கூப்பிடுவாள்; சைலஸின் சட்டையோடு அவன் சட்டையையும் பிடுங்கித் துவைத்துப் போடுவாள். உறவு என்று அவனுக்கு இந்த உலகத்தில் இருந்தது அவ்வளவுதான்.

அந்த வருஷம் பிரெஞ்சுக்காரனின் ப்ரெஸ்ட் துறைமுகத்து வாயை அடைத்துக்கொண்டு செலண்டைன் காவல் கிடந்தது. ஒரு நாள் மூடுபனியில் பிரெஞ்சுக் கப்பல் ஒன்று நழுவப் பார்க்க, இரண்டு மணி நேரம் பக்கத்துக்குப் பக்கம் நின்று சுட்டுக்கொண்டார்கள். கப்பல் சண்டையில் குண்டு கொன்றவர்கள் குறைவு. குண்டு பட்டுத் தெறிக்கிற மரச்சிம்புதான் எமன். முழ நீளச் சிம்பு ஒன்று சைலஸின் விலாவில் இறங்கியது. இரண்டு நாள் கிடந்தான். மூன்றாம் நாள் விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டான் என்று வைத்தியர் சொல்லியனுப்பினார்.

சாவு விழுந்த உடனே வந்து உட்கார அமோஸுக்கு விதியில்லை. முன்பாய் கந்தலாகத் தொங்கியது. அதைத் தைத்து ஏற்றாவிட்டால் காற்று கப்பலைப் பாறையில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். மதியத்துக்கு மேல்தான் இறங்கி வந்தான். ஊசியில் மெழுகு நூலைக் கோத்தான். அதற்குப் பிறகு கை என்ன செய்தது என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது. கண்ணை மறைக்கிற அளவுக்கு அழுதான். முகத்துக்கு வந்ததும் ஊசி நின்றது. அந்த மூக்கு! வைத்தியனும் சிம்பும் குத்தினது போதாதா, நானும் குத்தவேண்டுமா என்று நினைத்தான். பக்கத்தில் நின்றவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மூக்கை விட்டுவிட்டு, வெறும் கித்தானோடு கித்தானைச் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டான். கேப்டன் ஜெபம் வாசித்தார். பலகையைச் சாய்த்துக் கடலில் இறக்கினார்கள்.

யாருக்கும் தெரியாது. அமோஸுக்கும் அன்றைக்கு அது குற்றமாகத் தெரியவில்லை. நண்பனுக்குக் கடைசியாக ஒரு நல்லது செய்ததாகவே நினைத்தான்.

மறுநாள் கிரிம்ஸ்டன் என்ற கப்பல் சிப்பாயைக் கொண்டுவந்து கிடத்தினார்கள். காய்ச்சலில் போய்விட்டான், உடம்பு சில்லிட்டுவிட்டது, சந்தேகமே இல்லை என்றார் வைத்தியர். பாவம், நாலு நாளாகக் கண் மூடாத மனுஷர். அமோஸ் தைத்துக்கொண்டே வந்தான், "மன்னிச்சுக்கடா தம்பி" என்றான், ஊசியைக் குத்தினான்.

"ஐயோ அம்மா!" என்று அலறிக்கொண்டு பிணம் எழுந்து உட்கார்ந்தது.

அப்புறம் கேட்கவேண்டுமா! தளமே அதிர்ந்தது. "ஆயிரம் பேரக் கொன்னாத்தான்டா அரை வைத்தியன்! நம்ம ஆளுக்கு இன்னும் கணக்கு முடியல!" என்று ஒருத்தன் கத்த, கூட்டம் கொல்லென்று சிரித்தது. கிரிம்ஸ்டனின் வாயில் ரம் ஊற்றினார்கள். அமோஸைத் தோளில் தூக்கினார்கள். தோளில் இருந்தபடியே அவன் முகம் வெளுத்தது. இறக்கிவிடச் சொல்லி, ஓரமாகப் போய், குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தான்.

இதே வைத்தியர்தானே சைலஸையும் செத்துவிட்டான் என்றார்? ஒரு குத்து. ஒரே ஒரு குத்துக் குத்தியிருந்தால் அவனும் அலறியிருப்பானோ? உயிரோடு இருந்தவனைக் குண்டைக் கட்டிக் கடலில் தள்ளிவிட்டேனோ?

ஏழு மாதம் இந்த முள் தொண்டையில் நின்றது. சாப்பாடு இறங்கவில்லை. கித்தானுக்குள்ளே யாரோ விழித்துக்கொள்கிற மாதிரி வேலை நடுவில் திடுக்கிடுவான். கடைசியில் ஒற்றைக்கால் சமையற்காரன் ஜெத்ரோவிடம் மட்டும் கொட்டினான்.

"கரைக்குப் போனதும் டார்க்கஸ்கிட்டச் சொல்லிடப் போறேன்" என்றான் அமோஸ்.

"உனக்கென்ன கிறுக்கா? அவ புருஷன் போனதுல பாதி செத்துருப்பா. மீதியையும் நீ போய்க் கொல்லப் போறியா? மூடிக்கிட்டு கெட."

"அவ என்னை அண்ணேங்குறா, ஜெத்ரோ. மறைச்சுக்கிட்டு எப்படி அவ முன்னால நிப்பேன்?"

"நிக்காத. போகாத. அவ்வளவுதான?"

போகாமல் இருக்க அவனால் முடியவில்லை. செலண்டைன் ஸ்பிட்ஹெட் திரும்பியதும் ஒரு நாள் அனுமதி வாங்கிக்கொண்டு காஸ்போர்ட்டில் இறங்கினான். ரட் வீடு எங்கே என்று அங்கே யாரைக் கேட்டாலும் தெரியும். டார்க்கஸ் துணி துவைத்துப் பிழைத்தாள். தெருவில் சாவு விழுந்தால் பிணத்தைக் கழுவி உடுத்தி விடுவதும் அவள்தான்.

கதவைத் திறந்தவள் முகம் மலர்ந்தது. "அண்ணே! வாங்க, உள்ள வாங்க. என்ன இப்படி எலும்பா போயிட்டீங்க!" கையில் பிழிந்துகொண்டிருந்த ஈரச்சட்டையோடு நின்றாள். "கேப்டன் கடுதாசி வந்துச்சு. படிக்கச் சொல்லிக் கேட்டேன். ஒண்ணுமே மனசுல ஏறல. ஆனா நீங்கதான் தைச்சு அனுப்புனீங்கன்னு படகுக்காரன் வந்து சொன்னான் பாருங்க, அன்னிக்குத்தான் கொஞ்சம் தூங்குனேன். நம்ம அண்ணன் கையால போனாருன்னு."

அமோஸ் உட்காரவில்லை. தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். மூக்கை விட்டதைச் சொன்னான். மறுநாள் கிரிம்ஸ்டன் அலறியதைச் சொன்னான். "அவன் உயிரோட இருந்தானா இல்லையான்னு எனக்குத் தெரியாது தங்கச்சி. தெரிஞ்சுக்கிற ஒரே வழிய நான் விட்டுட்டேன். பாசத்துல விட்டேன். பாவி நான்" என்றான்.

ஈரச்சட்டை அவன் முகத்தில் வந்து அறைந்தது.

"போங்க வெளிய!"

அவன் சட்டையை எடுத்து, மடித்து, பெஞ்சில் வைத்துவிட்டு வாசலுக்குப் போனான். ஒரு கால் தெருவில் இருந்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"நில்லுங்க. எந்நேரத்துக்கு உயிர் போச்சுன்னாங்க?"

"விடியக்காலம்."

"நீங்க எப்ப தைச்சீங்க?"

"மத்தியானம் தாண்டி. பாய் கிழிஞ்சு கெடந்துச்சு, அதனால..."

"எப்படித் தைச்சீங்க? மொதல்லேருந்து சொல்லுங்க."

"எனக்கு ஞாபகம் இல்ல தங்கச்சி."

"ஞாபகப்படுத்துங்க. கைதான தைச்சுது, கைக்கு ஞாபகம் இருக்கும். கால்லேருந்து ஆரம்பிச்சீங்க. அப்புறம்?"

அமோஸ் கண்ணை மூடிக்கொண்டான். காற்றில் அவன் விரல்கள் மெல்ல அசைந்தன. "கால்... முட்டி... இடுப்பு வரைக்கும் ஒழுங்கா வந்துச்சு. நெஞ்சுக்கிட்ட கித்தான் பத்தல. ஆமா, பத்தல. வலது கை தலைக்கு மேல கெடந்துச்சு. தலைமாட்டுல கைய மடிச்சுப் போட்டுத் தூங்குவானே, அப்படி. கீழ எறக்கிப் பக்கத்துல வெக்கலாம்னு பாத்தேன்."

"எறங்குச்சா?"

"இல்ல."

"தடவிக் குடுத்தீங்களா?"

"தடவுனேன். அப்புறம் அழுத்துனேன். முட்டிய ஊணி என் பாரத்தையே போட்டேன். மரக்கட்டையா நின்னுச்சு. ஒடிச்சுட்டுத் தைடான்னாங்க. நான் மாட்டேன்னுட்டேன்."

டார்க்கஸ் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணே, நூறு பொணத்தக் கழுவுனவ நான். உடம்பு சில்லுன்னு இருந்தா அத நம்பக்கூடாது, அது ஏமாத்தும். வெறைப்பு ஏமாத்தாது. உங்க சிப்பாய் வெறைச்சிருந்தானா?"

"இல்ல. துணி மாதிரி துவண்டு கெடந்தான்." அமோஸ் தெருவில் வைத்த காலை உள்ளே எடுத்தான். "சண்டையில சாகுறவங்கள வெறைக்கறதுக்கு முன்னயே தைச்சுடுவோம். அத நான் யோசிக்கவே..."

"எங்க யோசிச்சீங்க! அழுதுக்கிட்டே தைச்சா?" அவளுக்குச் சிரிப்பும் வந்தது, உதடும் துடித்தது. "பன்னெண்டு வருஷம் அந்தக் கையோட நானும் மல்லுக்கட்டுனேன். கப்பல்லேருந்து வர்ற நாளெல்லாம் பாதிப் படுக்கைய அந்தக் கைதான் அடைச்சுக்கும். ஆனா தூக்கத்துல கூட, லேசா தடவுனாப் போதும், தானா எறங்கி வந்து என் மேல விழும். ஒரு நாளும் வராம இருந்ததில்ல." அவள் குரல் உடைந்தது. "நீங்க தடவியும் வரலன்னா, அவர் இல்லண்ணே. அப்பவே இல்ல."

அமோஸ் வாசற்படியிலேயே சரிந்து உட்கார்ந்து, அந்தப் பெரிய கைகளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, குழந்தை மாதிரி அழுதான். டார்க்கஸும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கடுதாசி வந்த நாளிலிருந்து அவள் அழவில்லை. யாரோ எழுதி அனுப்பிய சாவு அவளுக்குச் சாவாகவே படவில்லை. கரையில் ஒவ்வொரு படகாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். இப்போது தன் வாயாலேயே அதைச் சொல்லி முடித்துவிட்டாள். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும்.

அழுது ஓய்ந்தபோது அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"கித்தான் பத்தலன்னீங்களே. அந்தக் கைக்கு என்ன பண்ணுனீங்க?"

"என் தூளியில ஒரு மொழம் வெட்டி ஒட்டுப் போட்டேன். கை இருந்த மாதிரியே இருக்கட்டும்னு, அதுக்கு எடம் விட்டுத் தைச்சேன்."

டார்க்கஸ் அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப நல்லாத்தான் தூங்குறாரு" என்றாள்.